அரை நிமிடம்

கடந்த பள்ளி விடுமுறையின்போது, ஒரு மாலை வேளையில் தாப்பா நகரின் பழைய கடைவரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையோரத்தில் நீர் தேங்கியிருந்ததால் எல்லாரும் கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை வழியாகவே நடந்தனர். மளிகைக் கடையிலிருந்து நான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, கையில் மிட்டாய்ப் பொட்டலத்துடன் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அதே நொடியில், பதினான்கு வயது மதிக்கத்தக்க மாணவன் ஒருவன் நடைபாதையில் மிதிவண்டியை வேகமாக ஓட்டி வந்தான். தாய் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மிதிவண்டியின் கைப்பிடி பொட்டலத்தைத் தட்டிவிட்டுச் சென்றது. மிட்டாய்கள் தரையில் சிதறின. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பார்களே, அதுதான் அன்று நடந்தது.

அங்கிருந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். “தம்பி, இது நடக்கிற இடம், ரோட்டுல போனா என்ன?” என்று கடைக்காரர் கேட்டார். “ஏம்மா, சின்னப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கக் கூடாதா?” என்று பெரியவர் ஒருவர் தாயைக் கடிந்துகொண்டார். மாணவன் தலைகுனிந்து நின்றான். தாயோ பிள்ளையை அணைத்தபடி ஒன்றும் பேசாமல் நடந்தார்.

இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், இரண்டு பதில்களாலும் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது என்பது என் கருத்து. நடைபாதையில் முதல் உரிமை நடப்பவருக்கே உரியது. அவர்களிலும் மிகச் சிறியவருக்கு அது முழுமையாக உரியது. இந்த உரிமையைக் காக்கும் பொறுப்பு, அங்கே வேகமாகச் செல்லக்கூடியவரையே முதலில் சேரும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் இந்த ஐந்தடிப் பாதை எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். 1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், கடைவீடுகளின் முன்புறத்தில் கூரையிட்ட, தொடர்ச்சியான நடைவழி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். பின்னர் இவ்வழக்கம் மலாயாவின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. அதன் அகலத்தைக் கொண்டே மலாய்மொழியில் ‘காக்கி லீமா’ என்று பெயர் வந்தது. ஐந்தடி என்றால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். வெயிலிலும் மழையிலும் மக்கள் நனையாமல், வாடாமல் நடந்து செல்வதற்கென்றே அமைந்த வழி அது. சக்கரங்களுக்கென்று யாரும் அதைக் கட்டவில்லை.

இந்த ஒன்றரை மீட்டர் அகலத்தில் எவ்வளவு இடம் உண்மையில் மிஞ்சுகிறது? கடைக்காரர் வெளியே வைத்த பொருள்கள், தூண்கள், உணவகத்தின் மேசை நாற்காலிகள், யாரோ ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள் ஆகியவை பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மிதிவண்டியின் கைப்பிடி மட்டுமே ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் அகலம் கொண்டது. எதிரே ஒரு தாய் பிள்ளையோடு வந்தால், மூவரும் உரசாமல் கடந்து செல்ல அங்கே இடமே இல்லை.

இடம் குறைவு என்பது ஒரு பக்கம். சிறு குழந்தையின் இயல்பு இன்னொரு பக்கம். நாம் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு குழந்தையைப் பார்க்கிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. பெரியவர் ஒருவர் கடையிலிருந்து வெளியே வரும்போது இருபுறமும் பார்ப்பார். மணி ஒலித்தால் ஒதுங்கி நிற்பார். நான்கு வயதுக் குழந்தையோ தான் பார்க்க விரும்பியதை மட்டுமே பார்க்கும். தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தைக் கணக்கிட அதற்குத் தெரியாது. மணியோசை கேட்டால் ஒதுங்குவதற்குப் பதிலாக, ஓசை வந்த திசையில் திரும்பி நின்று வேடிக்கை பார்க்கும். நேராக நடந்துகொண்டிருக்கும் பிள்ளை, ஒரு பூனையைக் கண்டால் சட்டெனக் குறுக்கே ஓடும். இது குழந்தையின் குற்றமன்று. அதன் வயது அப்படி.

குழந்தையின் உயரத்தையும் எண்ணிப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். உங்கள் மிதிவண்டியின் கைப்பிடியும் தரையிலிருந்து ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. பெரியவர் மீது மோதினால் இடுப்பிலோ கையிலோ அடிபடும். அதே கைப்பிடி குழந்தையின் முகத்தில் படும், கண்ணிலும் படலாம்.

இனி வேகக் கணக்கு. மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது மிதிவண்டிக்குப் பெரிய வேகமன்று. நீங்கள் மூச்சு வாங்காமல் மிதித்தாலே அந்த வேகம் வந்துவிடும். ஆனால், அந்த வேகத்தில் மிதிவண்டி ஒரு நொடியில் நான்கு மீட்டருக்கு மேல் நகர்கிறது. குழந்தையைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். கடை வாசலில் இருந்து வெளியே வரும் குழந்தை, சுவருக்கும் அடுக்கிய பெட்டிகளுக்கும் பின்னாலிருந்து ஓரிரு மீட்டர் தூரத்தில்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, நீங்கள் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் பிரேக் பிடிப்பதற்கு முன்பே மோதல் நடந்து முடிந்திருக்கும். “நான் நன்றாக ஓட்டுவேன்” என்னும் நம்பிக்கை இங்கே உதவாது.

மோதலின் விசையும் சாதாரணமானதன்று. நடப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், 15 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் வேகம் அதைப்போல் மூன்று மடங்கு. ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே எடை ஒன்பது மடங்கு ஆற்றலோடு மோதும். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள மாணவனும் பதினைந்து கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டியும் சேர்ந்தால் அறுபத்தைந்து கிலோகிராம். எதிரே நிற்கும் குழந்தையின் எடை பதினாறு கிலோகிராம் அளவில்தான் இருக்கும். இதைப் படிக்கும்போதே யார் கீழே விழுவார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்படியென்றால் மிதிவண்டி ஓட்டுபவர்கள் அனைவரும் சாலைக்குப் போய்விட வேண்டுமா? இங்கேதான் நாம் நியாயமாகச் சிந்திக்க வேண்டும். தாப்பா ஒரு சிற்றூர்தான். ஆனால், அதன் சாலைகள் சிறியவை அல்ல. 1-ஆம் எண் கூட்டரசு சாலை நகரின் வழியாகச் செல்கிறது. கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் சாலையும் இங்கேதான் தொடங்குகிறது. மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகளும், சுற்றுலாப் பேருந்துகளும், விடுமுறை நாள்களில் வரிசையாக ஏறும் கார்களும் இந்நகரைத் தொட்டே செல்கின்றன. பக்கத்தில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடக்கும்போது, சாலையோரத்தில் மிதிவண்டி ஓட்டும் சிறுவன் நடைபாதையை நோக்கித் திரும்புவது அச்சத்தினால்தான்.

அந்த அச்சம் பொய்யன்று. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சாலையில் சென்ற பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். நாடே அன்று அழுதது. மிதிவண்டியில் செல்பவருக்கு உலோகக் கூடு ஏதும் இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டியது. “ரோட்டுல போ” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எளிது. எந்த ரோட்டில், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட வாகனங்களுக்கு நடுவில் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல வராது.

ஆனால், லாரிக்கு அஞ்சி நடைபாதையில் ஏறும் மாணவன் ஒன்றை மறந்துவிடுகிறான். சாலையில் அவனுக்கு லாரி எப்படியோ, நடைபாதையில் குழந்தைக்கு அவன் அப்படி. வலியவரிடமிருந்து தப்பி வந்தவன், தன்னைவிட மெலியவருக்குத் தானே அச்சமாகிவிடக் கூடாது.

இதை நான் யாருக்கோ உபதேசமாகச் சொல்லவில்லை. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். தாப்பாவிற்கு அருகே இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தேன். இன்று அங்கே பால்மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளுக்கு முன்னால் இருந்த செம்மண் சாலையில்தான் நாங்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றோம். அங்கே மாடு குறுக்கே வரும், கோழி குறுக்கே வரும்; வேறு ஆபத்து இல்லை. அதே பழக்கத்தோடு நகரத்திற்கும் வந்தேன்.

எனக்குப் பதினான்கு வயது. ஒரு சனிக்கிழமை காலை, அம்மா வாங்கி வரச் சொன்ன சாமான்களைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு கடைகளின் முன்னால் இருந்த நடைபாதையில் ஓட்டிச் சென்றேன். தையல் கடையிலிருந்து சிறுவன் ஒருவன் வெளியே வந்தான். நான் அவனைப் பார்த்தது, அவன் கீழே கிடந்தபோதுதான். மேலுதடு கிழிந்து இரத்தம் வழிந்தது. பால்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. உள்ளேயிருந்து அவனுடைய பாட்டி ஓடி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் நடுங்கினேன். பாட்டி பிள்ளையைத் தூக்கி முந்தானையால் வாயைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அவசரமா, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஓர் அவசரமும் இல்லை. அதை அன்று அவரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிறுவனுக்குப் பற்கள் மீண்டும் முளைத்திருக்கும். கைப்பிடி நான்கு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கண் மீண்டும் முளைக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்விக்கு இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பத்துக் கடைகள் கொண்ட ஒரு வரிசை. கடைக்கு ஆறு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் அறுபது மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அதைக் கடக்க ஏறத்தாழ 14 நொடிகள் ஆகும். இறங்கி மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஏறத்தாழ 43 நொடிகள் ஆகும். வேறுபாடு 29 நொடிகள். அரை நிமிடம்கூட முழுதாக இல்லை. அன்று நான் மிச்சப்படுத்த எண்ணியது இவ்வளவுதான்.

மற்ற நாடுகள் இச்சிக்கலை எப்படிக் கையாள்கின்றன என்பதையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டுச் சட்டமே நடைபாதையில் வாகனம் செலுத்துவதைத் தடுக்கிறது. மிதிவண்டிக்கும் அது பொருந்துகிறது. ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே எட்டு வயது நிறையாத பிள்ளைகள் சாலைக்குப் போகாமல் நடைபாதையிலோ, சாலையிலிருந்து பிரிக்கப்பட்ட மிதிவண்டித் தடத்திலோதான் ஓட்ட வேண்டும். பத்து வயது நிறையும்வரை நடைபாதையில் ஓட்டலாம். அதற்கு மேற்பட்டவர்கள் நடைபாதையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஜப்பானில் பதின்மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைகளும் எழுபது வயதைக் கடந்த முதியோரும் நடைபாதையில் ஓட்டலாம். ஆனால், மெதுவாகச் செல்ல வேண்டும். நடப்பவருக்கு இடையூறு நேருமானால் நின்றுவிட வேண்டும்.

நம் அண்டை நாடான சிங்கப்பூர் நடைபாதையில் மிதிவண்டி ஓட்ட அனுமதிக்கிறது. எனினும், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு நடைபாதைக்குரிய வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் செல்வது தடை செய்யப்பட்டது. அகலமான நடைபாதைகளைக் கொண்ட நாடே இவ்வாறு வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது என்றால், ஒன்றரை மீட்டர் ஐந்தடியில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்நாடுகளின் விதிகள் ஒன்றுபோல் இல்லை. ஆயினும், ஒரு கருத்து பெரும்பாலும் எல்லாவற்றிலும் உண்டு. சிறுபிள்ளை மெதுவாக ஓட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். வளர்ந்தவர் நடைபாதையில் விரைவதைப் பொறுக்க முடியாது. இதையே நாமும் நம் ஊருக்கு ஏற்றவாறு பின்பற்றலாம். தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்புகளில் படிக்கும் பிள்ளை, பெற்றோர் அருகில் நடக்க, நடைபாதையில் மெதுவாக மிதிவண்டி ஓட்டட்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் கடைவரிசைக்கு வந்ததும் இறங்கித் தள்ளிச் செல்லட்டும். நடைபாதை இல்லாத தாமான் சாலைகளில் ஓட்டும்போது, பாலர் பள்ளி, விளையாட்டுத் திடல், வீட்டு வாசல்கள் ஆகியவற்றின் அருகே வேகத்தைக் குறைக்கட்டும்.

சிலர், “நடைபாதையில் மோட்டார் சைக்கிளே ஏறி வருகிறதே, மிதிவண்டியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?” என்று கேட்பர். மோட்டார் சைக்கிள் ஏறுவது மிகப் பெரிய தவறு, அதில் ஐயமில்லை. ஆனால், ஒருவர் பெரிய தவறு செய்வதால் நம் சிறிய தவறு சரியாகிவிடாது. மேலும், மோட்டார் சைக்கிள் வருவதை அதன் ஓசையே அறிவித்துவிடும். மிதிவண்டியோ சத்தமின்றி வந்து நிற்கும்.

“பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது பெற்றோரின் கடமையன்றோ?” என்பது மற்றொரு கேள்வி. கடமைதான். ஆனால், ஒரு கையில் சாமான் பையும் இடுப்பில் கைக்குழந்தையும் வைத்திருக்கும் தாய்க்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? பணம் கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் பிள்ளை நழுவி ஓடாமல் இருக்குமா? கண்ணை இமை காப்பதுபோல் காக்கும் தாயும் சில நேரம் கண் இமைக்கத்தான் செய்வார். அந்த ஒரு கணத்திற்குத் தண்டனையாகப் பிள்ளையின் முகம் கிழிபட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஊராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. தாப்பா பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகரம். மாவட்ட மன்றம் கடைவரிசைகளின் முன்னால் உள்ள இடையூறுகளை அகற்றச் செய்யலாம். மிதிவண்டிகளைப் பூட்டி வைக்க, கடைவரிசையின் இரு முனைகளிலும் கம்பிச் சட்டங்கள் அமைத்தால், மாணவர்கள் வண்டியை அங்கே விட்டுவிட்டு நடந்து செல்வார்கள். பள்ளிகளுக்குச் செல்லும் சாலைகளின் ஓரத்தில் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் ஒதுக்கினால், பிள்ளைகள் லாரிக்கு அஞ்சி நடைபாதையில் ஏற வேண்டிய தேவையே குறையும். மிதிவண்டி ஓட்டுவது உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நன்மை தருவது. அதைத் தடுப்பது என் நோக்கமன்று. அதற்குரிய இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கடைக்காரர்களும் வாசலை மறைக்கும்படி பெட்டிகளை அடுக்காமல் இருக்கலாம். வெளியே வரும் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தாலே பாதி விபத்து குறையும்.

ஆனால், தடம் போடும்வரை, சட்டம் வரும்வரை, கம்பிச் சட்டங்கள் அமையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. இறங்கி நடப்பதற்கு எந்த ஒதுக்கீடும் தேவையில்லை. யாருடைய அனுமதியும் தேவையில்லை. மிதிவண்டி ஓட்டும் ஒவ்வொரு மாணவரும் நாளையே இதைத் தொடங்கலாம்.

அன்று மிட்டாய் சிதறியபோது அந்த மாணவன் ஒரு நல்ல காரியம் செய்தான். வண்டியைத் தூணில் சாய்த்துவிட்டு, தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு கடைக்குள் சென்று புதிய பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, தாயும் மகளும் சென்ற திசையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தான். அவன் தள்ளிச் செல்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையின் கடைசிக் கடையைக் கடக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.